கையிலே சவுக்கு, நாவிலே வேதம்!

காலை ஜெபம் முடிந்தது. மண்டியிட்டிருந்த எஜமானர் எழுந்தார், சவுக்கை எடுத்தார். கட்டி வைக்கப்பட்டிருந்தாள் ஹென்னி என்ற அடிமைப் பெண். சிறு வயதிலே தீயில் விழுந்து கைகள் வெந்து முடங்கிப் போனவள். உழைக்க இயலாதவள், ஆகவே எஜமானருக்குப் பாரம்! சவுக்கு பாய்ந்தது. முதுகிலே குருதி வழிந்தது. எஜமானரின் வாய் சும்மா இருந்ததா? இல்லை! அடிப்பதற்கு ஆதாரமாக, லூக்காவின் சுவிசேஷத்திலிருந்து ஒரு வசனத்தை அது ஓதிக் கொண்டிருந்தது. அடித்துவிட்டுச் சிற்றுண்டி அருந்தச் சென்றார். பகல் உணவுக்குத் திரும்பியவர், புண்பட்ட அதே இடத்திலே மீண்டும் அடித்தார்.

கட்டுக்கதை அல்ல, தோழர்களே! 1830களில், அமெரிக்காவிலே, மேரிலாந்து மாநிலத்திலே நடந்தது. எஜமானரின் பெயர் தாமஸ் ஆல்ட். அந்தக் கொடுமையைக் கண்ணாரக் கண்டு நின்ற அடிமைச் சிறுவன் ஒருவன் உண்டு. அவனே பிற்காலத்தில் உலகறிந்த பேச்சாளராக, ஏட்டாசிரியராக, விடுதலை வீரராக விளங்கிய பிரடெரிக் டக்ளஸ்.

மதம் மனிதனைப் பண்படுத்துகிறது, கல் மனத்தையும் கனியச் செய்கிறது, அதைப் போய் ஏற்றத்தாழ்வுக்குத் துணை என்று பேசலாமா என்று நம்மைப் பார்த்துக் கேட்போர் உண்டு. பதிலை நாம் கூறவேண்டாம். டக்ளசின் வாழ்க்கை கூறட்டும்.

1818ல் பிறந்தவர் அவர். பிறந்த நாள் தெரியாது. அடிமைக்கு ஏது பிறந்த நாள்? கன்றுக்குட்டி பிறந்தால் கணக்கிலே ஒன்று கூடும். அடிமைக் குழந்தை பிறந்தாலும் அப்படியே! தாய் ஹாரியட் பெய்லி. பச்சிளம் பருவத்திலேயே தாயிடமிருந்து பிரித்துவிட்டனர். வேறொரு பண்ணையில் பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவிலே நெடுந்தூரம் நடந்து வந்து, மகனை அணைத்துப் படுத்து, விடியுமுன் ஓடிப் போவாள் அந்தத் தாய். அதுவும் ஒரு சில முறைதான்.

எட்டு வயதிலே பால்டிமோர் நகருக்கு அனுப்பப்பட்டான் பிரடெரிக். அந்த வீட்டு அம்மையார் சோபியா அவனுக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார். கணவர் கண்டார், தடுத்தார். படித்த அடிமை அடங்கமாட்டான் என்பது அவருடைய வாதம். எஜமானர் எதற்கு அஞ்சுகிறாரோ அதுவே தன் விடுதலைக்கு வழி என்பதைச் சிறுவன் அக்கணமே புரிந்துகொண்டான். தெருவிலே வெள்ளைச் சிறுவர்களிடம் ரொட்டித் துண்டைக் கொடுத்து எழுத்தை வாங்கினான். சேர்த்து வைத்த 50 சென்டைக் கொண்டு, சிறந்த சொற்பொழிவுகள் அடங்கிய ஒரு நூலை வாங்கினான். படித்தான், படிக்கப் படிக்கக் கேள்வி பிறந்தது.

அவன் பக்தியற்றவனா? அல்ல. லாசன் என்ற கறுப்பினப் பெரியவரிடம் சென்று வேதம் படித்தான். உள்ளம் உருகி ஜெபித்தான். இதை நாம் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏனெனில், பக்தனாக இருந்தவன் கண்ட காட்சி இது!

பிறகு தாமஸ் ஆல்டிடம் திரும்ப வேண்டியதாயிற்று. 1833 ஆகஸ்டு மாதம் மெதடிஸ்ட் சபையார் நடத்திய பெருங்கூட்டத்திலே ஆல்ட் மனம் திரும்பினார். அடிமைகளுக்கு ஆசை பிறந்தது. இனி விடுதலை தருவார். அது இல்லாவிட்டால் அன்பாவது காட்டுவார். அதுவும் இல்லாவிட்டால் அரை வயிற்றுக் கஞ்சியை முழு வயிற்றுக் கஞ்சி ஆக்குவார் என்று எண்ணினர். நடந்தது என்ன? வீடு ஜெப வீடாயிற்று. போதகர்கள் வந்து விருந்துண்டு சென்றனர். அடிமையின் வயிறோ அப்படியே காய்ந்தது. சவுக்குக்கு மட்டும் புது வலிமை! முன்பெல்லாம் தன் கொடுமைக்குத் தன் மனத்தையே சாட்சியாக வைத்திருந்தார். இப்போது ஆண்டவனே சாட்சியாகக் கிடைத்துவிட்டார்!

இன்னொன்று கேளுங்கள். அடிமைகள் வேதம் படிக்கக் கற்றுக்கொள்ள, நல்லெண்ணம் கொண்ட வெள்ளை இளைஞர் ஒருவர் ஞாயிறு பள்ளி தொடங்கினார். துணை நின்றான் பிரடெரிக். மூன்றே முறைதான் கூடினர். தடிகளுடன் வந்து கலைத்தனர் ஒரு கும்பலார். யார் அவர்கள்? ஊர்ப் போக்கிரிகளா? அல்ல; சபையிலே வகுப்புத் தலைவர்கள்! எந்த வேதத்தைப் புனிதம் என்று போற்றினரோ, அதை அடிமை படிக்கக் கூடாதென்று தடி தூக்கினர். அடிமைக்கு வேதம் வேண்டும், ஆனால் அது எஜமானன் வாய்வழி மட்டுமே வரவேண்டும்! 1807ல் லண்டனில் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்றே ஒரு வேதப் புத்தகம் அச்சிட்டனர். எகிப்திலே அடிமைப்பட்ட மக்கள் தளையறுத்துப் புறப்பட்ட வரலாற்றை அதிலிருந்து நீக்கிவிட்டனர். கீழ்ப்படியச் சொல்லும் பகுதியை நீக்கினார்களா? இல்லை, அது இருந்தது!

அடங்காத பிரடெரிக்கை அடக்க, 1834 சனவரி முதல் நாள், எட்வர்டு கோவி என்பவரிடம் ஓராண்டுக்கு அனுப்பினார் ஆல்ட். முரட்டு அடிமைகளை முறித்துப் பழக்குவதிலே பேர் பெற்றவர் கோவி. அவரும் சபையிலே வகுப்புத் தலைவர்! வீட்டு ஜெபத்திலே பாட்டைத் தொடங்கப் பிரடெரிக்கை ஏவுவார்; வயலிலே அவன் முதுகைக் கிழிப்பார். ஆறு மாதம் அடியாத வாரமில்லை. படிக்கும் ஆசை போயிற்று; கண்ணிலிருந்த ஒளி போயிற்று. மனிதன் மாடானான்.

ஆகஸ்டு வெயிலிலே, கோதுமை தூற்றும் இடத்தில் மயங்கி விழுந்தான். எழுந்திரு என்று உதைத்தார் கோவி; கட்டையால் தலையில் அடித்தார். குருதி ஒழுக ஏழு மைல் நடந்து ஆல்டிடம் முறையிட்டான். திரும்பிப் போ என்பதே தீர்ப்பு. வழியிலே சக அடிமை ஒருவர் ஒரு வேரைக் கொடுத்து, இதை வலப்பக்கம் வைத்துக்கொண்டால் எந்த வெள்ளையனும் அடிக்க முடியாது என்றார். வாங்கி வைத்துக் கொண்டான். மறுநாள் ஞாயிறு. கோயிலுக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்த கோவி கனிவாகப் பேசினார். வேரின் மகிமையோ என்று ஐயுற்றான் பையன். திங்கள் விடிந்தது, கயிற்றோடு பாய்ந்தார் கோவி. ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கனிவுக்குக் காரணம் என்று அப்போது தெரிந்தது!

அன்றுதான் பிரடெரிக்கின் கை எழுந்தது. கோவியின் கழுத்தைப் பற்றியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போராட்டம். களைத்து விலகினார் கோவி. அதன்பின் அங்கிருந்த மாதங்களில் ஒரு நாளும் அவன் மேல் அவர் கை படவில்லை. பதினாறு வயது அடிமையைக் காத்தது வேரா? வேதமா? நிமிர்ந்த நெஞ்சும் மடங்கிய விரல்களும் அல்லவா!

1838 செப்டம்பர் 3. கடலோடி உடையணிந்து, இன்னொருவரின் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ரயிலேறினார். ஒரு நாளுக்குள் நியூயார்க். பணம் தந்து உதவிய ஆன்னா மர்ரி என்ற நங்கையை மணந்து, நியூ பெட்போர்டு சேர்ந்து, டக்ளஸ் என்று பெயர் பூண்டார். விடுதலை பெற்ற மண்ணல்லவா, ஆண்டவன் சந்நிதியிலாவது சமத்துவம் இருக்கும் என்று நம்பி ஒரு வெள்ளையர் கோயிலுக்குச் சென்றார். வெள்ளையர்க்கு முதலில் திருவிருந்து. கறுப்பர் மூலையிலே காத்திருந்து பிறகு பெறவேண்டும். எழுந்தார், வெளியேறினார். கறுப்பின மக்கள் தாமே நடத்திய கோயிலில் சேர்ந்தார்.

1841ல் மேடை ஏறினார். 1845ல் தன் வரலாற்றை எழுதினார். 1846ல் பிரிட்டிஷ் நண்பர்கள் 150 பவுன் கொடுத்து அவரது விடுதலையை விலைக்கு வாங்கினர். 1847ல் ராச்செஸ்டர் நகரிலே வடமீன் என்ற பெயரில் ஏடு தொடங்கினார். தப்பியோடும் அடிமைக்கு வடதிசை காட்டும் மீன் அது. 1852 சூலை 5ல், நாட்டின் சுதந்திர விழாவையொட்டிப் பேசுகையில், அடிமைத்தனத்துக்கு அரணாக நிற்பது அமெரிக்கத் திருச்சபையே என்று சாடினார். அத்தகைய போதகர்கள் கூறும் மதத்தைவிட நாத்திகமே வரவேற்கத் தக்கது என்றார். சொன்னவர் நாத்திகர் அல்ல. கோயிலிலே பிரசங்கம் செய்ய உரிமை பெற்றிருந்தவர்!

அடிமை முறையை எதிர்த்த பக்தர்களே இல்லையா? இருந்தனர். குவேக்கர்கள் இருந்தனர், கூட்டத்தோடு கூட்டமாய்ப் போகாத போதகர்கள் சிலரும் இருந்தனர். அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால், அவர்கள் முதலில் யாரை எதிர்க்க வேண்டியிருந்தது? தம் சபையையே! எதிர்ப்பின் வேகத்தில் மெதடிஸ்ட் சபை 1844லும் பாப்டிஸ்ட் சபை 1845லும் இரண்டாகப் பிளந்தன. தெற்கிலே ஒரு பாதி அடிமை முறையை அணைத்துக்கொண்டது.

1861ல் போர் மூண்டது. கறுப்பின வீரர்களைத் திரட்டினார் டக்ளஸ். தம் புதல்வர்களையே அனுப்பினார். 1865ல் சட்டத் திருத்தம் வந்தது. ஏறத்தாழ 40 லட்சம் மக்களின் அடிமைத் தளை அறுந்தது. 1870ல் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வந்தபோது, எல்லோரும் ஆண்டவனுக்கு நன்றி கூறினர். டக்ளசோ, பாடுபட்ட மனிதர்களுக்கு நன்றி கூறினார்! கறுப்பினப் போதகர்களே சினந்தனர். அவர் அசையவில்லை. 1895 பிப்ரவரி 20ல், பெண்ணுரிமைக் கூட்டமொன்றில் கலந்துகொண்டு இல்லம் திரும்பிய அன்று மறைந்தார்.

அவர் போரிட்ட அந்த விடுதலையின் எதிரொலி நம் நாட்டிலும் கேட்டது. மராட்டிய மண்ணிலே சோதிராவ் பூலே, 1873ல் வெளியிட்ட அடிமைத்தனம் பற்றிய தம் நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க நல்லோர்க்குக் காணிக்கை ஆக்கினார். கடல் கடந்த நாட்டிலும் பூட்டு அதேதான் என்பதை அவர் கண்டுகொண்டார்.

என்ன பூட்டு? சவுக்கு முதுகைத்தான் வளைக்கும். சவுக்கடி ஆண்டவன் சித்தம் என்ற போதனையோ மனத்தை வளைக்கிறது. வளைந்த முதுகு ஒருநாள் நிமிரும். வளைந்த மனமோ, நிமிர்வதே பாவம் என்று நடுங்கும். கோவியின் பண்ணையிலே உடைந்தது இந்த இரண்டாவது விலங்குதான். ரயிலேறியது அதற்குப் பிறகு!

1845ல் பிரிந்து அடிமை முறைக்கு அரண் செய்த தெற்குப் பாப்டிஸ்ட் சபை, அது தவறென்று தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது. எப்போது தெரியுமா? 1995ல்! டக்ளஸ் மறைந்து நூறாண்டு கழித்து! மன்னிப்பை நாம் குறை கூறவில்லை. ஆனால், சபை மனம் திரும்பும் வரை ஹென்னியின் முதுகு பொறுத்திருக்க முடியுமா, தோழர்களே?