நரை காணாப் புலவர்

பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினர் ஆந்தையார். அவர் பாடல்களுள் நான்கு புறநானூற்றில் உள்ளன. பாண்டியன் அறிவுடைநம்பிக்கு இறைகொள்ளும் முறையை அறிவுறுத்தியவர். உறையூர்க் கோப்பெருஞ்சோழனைக் காணாமலே அவனோடு நட்புப் பூண்டவர். மைந்தரோடு மாறுபட்டுச் சோழன் வடக்கிருந்தபோது, வாராத நண்பருக்கும் இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் வந்தார். பொத்தியார் அதனை வியந்து பாடியுள்ளார்.

யாண்டு பல கழிந்தும் நரை தோன்றாமையின் காரணத்தை அங்கிருந்த சான்றோர் வினவினர் என்பர். அதற்கு விடையே 191ஆம் பாட்டு. ஏழடியான் வந்த நேரிசை ஆசிரியப்பா. முதல், இரண்டாம், நான்காம் அடிகள் யாகாரத்தால் தொடங்குகின்றன. மனைவி மக்களைச் சொல்லும் மூன்றாமடியில் முதல் மூன்று சீரும் மகரம் பெற்றுக் கூழை மோனையாகின்றன. எதுகை மோனைக்காகச் சொல் தேடி அலையும் நம் இளங்கவிஞர்கள் இவ்வடியை அலகிட்டுப் பார்த்தல் நலம். இங்கே ஒரு சொல்லும் ஓசைக்காக வந்ததன்று.

இல்லத்தில் தொடங்கும் விடை ஏவலர், வேந்தன் என விரிந்து ஊரில் முடிகிறது. ஈற்றயலடி முச்சீராய்க் குறுகுவது இப்பாவின் இலக்கணம். அக்குறுகிய அடியிலேயே புலனடங்கிய சான்றோர் கொள்கை வைக்கப்பட்டுள்ளது. ஓசையும் உடன் அடங்குகிறது. ஆன்று, சான்றோர் என்னும் அடியெதுகை அதனை ஈற்றடியோடு பிணைக்கிறது.

தாம் வாழும் ஊரைச் சொல்லி ஏகாரத்தால் முடிகிறது பாட்டு. அவ்வூரை நீங்கி வந்தவர் மீளவில்லை; சோழனுக்காக அவரும் வடக்கிருந்தார்.