உமாதேவி அம்மையாரின் இரண்டு பெயர்கள்

பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் ஆசையோடு ஒரு பெயர் இடுகின்றனர். வளர்ந்தபின் சிலருக்கு ஊரார் இன்னொரு பெயர் இடுகின்றனர். முதற்பெயர் அன்பினால் வருவது. இரண்டாம் பெயரோ பெரும்பாலும் ஏளனத்தினால் வருவது. இவ்விரு பெயர்களாலும் புகழ்பெற்ற ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் எழுத விழைகின்றோம். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் உமாதேவி. திரையுலகம் இட்ட பெயர் டுன் டுன்.

உமாதேவி அம்மையார் 1923-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தில் அம்ரோகா நகரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். நினைவு தெரியாத வயதிலேயே பெற்றோரை இழந்தார். உறவினர் வீட்டில் வளர்ந்த அக்குழந்தைக்குப் படிப்பை விட வீட்டு வேலையே அதிகம் கிடைத்தது. ஆயினும் இறைவன் அவருக்கு இனிய குரல் ஒன்றைத் தந்திருந்தார். முறையாக ஆசிரியரிடம் இசை பயிலாமல், கேட்ட பாடல்களைத் தாமே பாடிப் பழகினார். துணை யாரும் இன்றி ஒரு நாள் வீட்டை விட்டுப் புறப்பட்டுப் பம்பாய் நகரை அடைந்தார்.

அக்காலத்தில் நௌஷாத் என்பவர் பெரிய இசையமைப்பாளராக விளங்கினார். அவரை நேரில் சென்று கண்டு, தமக்குப் பாடத் தெரியும் என்று கூறித் துணிவுடன் வாய்ப்புக் கேட்டார் உமாதேவி. பரிந்துரைக் கடிதமோ, பணமோ, உற்றார் துணையோ இல்லாத ஒரு பெண்ணின் துணிவை எண்ணும்போது எங்களுக்கு வியப்பே உண்டாகிறது. நௌஷாத்தும் அவர் குரலைக் கேட்டு வாய்ப்பளித்தார். 1947-ஆம் ஆண்டு வெளிவந்த 'தர்த்' என்னும் படத்தில் உமாதேவி பாடிய பாடல் நாடெங்கும் ஒலித்தது. இன்றும் முதியோர் அப்பாடலை மறக்கவில்லை.

நம் சென்னைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. எஸ். எஸ். வாசன் அவர்கள் ஜெமினி ஸ்டூடியோவில் பெரும் பொருட்செலவில் எடுத்த 'சந்திரலேகா' 1948-ஆம் ஆண்டு தமிழிலும் இந்தியிலும் வெளிவந்தது. அதன் இந்திப் படத்தில் பல பாடல்களைப் பாடியவர் உமாதேவி அம்மையாரே. இன்று அந்த ஸ்டூடியோ இல்லை. ஆயினும் அண்ணா சாலையில் 1973-இல் திறக்கப்பட்ட மேம்பாலத்தை நம் ஊரார் இன்னும் ஜெமினி மேம்பாலம் என்றே அழைக்கின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வானொலியிலும் இசைத்தட்டிலும் அவர் பாடலைக் கேட்டவர் எவரும் பாடியவரின் உடல் பருமன் என்ன என்று வினவவில்லை. குரல் நன்றாக இருந்தது, கேட்டு மகிழ்ந்தனர். அவ்வளவுதான்.

பின்னர் லதா மங்கேஷ்கர் போன்ற புதிய பாடகியர் வந்தனர். பாடும் முறையும் மாறியது. உமாதேவிக்கு வாய்ப்புகள் குறைந்தன. அவருடைய கலகலப்பான பேச்சை நன்கு அறிந்த நௌஷாத், நகைச்சுவை வேடங்களில் நடிக்குமாறு யோசனை கூறினார். 1950-ஆம் ஆண்டு திலீப் குமாரும் நர்கிஸும் நடித்த 'பாபுல்' படத்தில் அவர் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். டுன் டுன் என்னும் பெயரை அவருக்குச் சூட்டியவர் திலீப் குமார் என்பர். அந்நாள் முதல் உமாதேவி என்னும் பெயர் மெல்ல மறைந்தது. இந்தித் திரையுலகின் முதல் நகைச்சுவை நடிகை என்று அவரைப் போற்றுகின்றனர். குரு தத் இயக்கிய 'ஆர் பார்', 'பியாசா' முதலிய படங்களிலும் நடித்தார். ஏறத்தாழ 200 படங்களில் நடித்த பின், 2003-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மும்பையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

அவர் திறமை பெரிது. சொல்லை எந்த நொடியில் சொன்னால் மக்கள் சிரிப்பார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் அவருக்குக் கிடைத்த வேடங்கள் பெரும்பாலும் சிறியவை. அவர் நடந்து வந்தால் சிரிப்பு, விழுந்தால் சிரிப்பு, ஒருவரை விரும்பினால் அதுவும் சிரிப்பு. தாம் நடித்துச் சம்பாதித்த சிரிப்பு அவருக்குச் சோறு போட்டது. அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் அப்பெயர் திரையோடு நிற்கவில்லை. வட இந்தியாவில் சற்றுப் பருமனான சிறுமியரை எல்லாம் டுன் டுன் என்று கேலி செய்யும் வழக்கம் பரவியது. நடிகைக்கு அது தொழிற்பெயர், ஊதியம் கிடைத்தது. அச்சிறுமியருக்குக் கிடைத்ததோ கண்ணீர் மட்டுமே.

தமிழ்த் திரையுலகமும் இதற்கு விலக்கு அன்று. பருத்தவர் குண்டு கல்யாணம் ஆனார். மெலிந்தவர் ஓமக்குச்சி நரசிம்மன் ஆனார். மனிதரின் பெயருக்கு முன்னால் அவர் உடம்பு வந்து நின்றுகொண்டது. எங்கள் வடசென்னையில் இதற்கென்று தனிச் சொற்களே உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்தை நோக்கி வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்த்து, பருமனான பெண்ணைக் கன்டெய்னர் என்பர். தண்ணி லாரி என்பர். ஆனால் விடியுமுன் காசிமேட்டில் மீன் கூடையைத் தலையில் சுமந்து வந்து குடும்பம் காக்கும் தாய்மாரை எவரேனும் எடை பார்த்து மதிப்பதுண்டா?

எங்கள் தோழி ஒருத்தி மிக நன்றாகப் பாடுவாள். வெளியில் நடந்த ஒரு விழாவில் அவளைத் திரைக்குப் பின்னால் நின்று பாடச் சொல்லிவிட்டு, மெலிந்த வேறொரு பெண்ணை மேடையில் நிறுத்தி வாயசைக்கச் செய்தனர். கைதட்டல் எல்லாம் மேடைக்கே சென்றது. அதன்பின் அவள் எந்தக் கூட்டத்திலும் பாட முன்வருவதில்லை. உமாதேவி அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தபோது எங்கள் நினைவுக்கு வந்தவள் அவளே.

பருமன் உடல்நலத்திற்குக் கேடு ஆயிற்றே, சொன்னால்தானே திருந்துவர் என்று சில பெரியோர் கேட்கலாம். உடல் எடை உணவினால் மட்டும் கூடுவது அன்று. பரம்பரை, தைராய்டுக் குறை, சில மருந்துகள், தூக்கமின்மை, மனக்கவலை எனக் காரணங்கள் பல. 2020-ஆம் ஆண்டு பல நாட்டு மருத்துவ வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். பருமனானவரை இழிவு செய்வது அவர் உடலுக்கும் உள்ளத்திற்கும் தீங்கு விளைப்பது என்று அதில் வலியுறுத்தினர். கேலிக்கு அஞ்சும் பெண் விளையாட்டு மைதானத்திற்கு வருவதில்லை. மருத்துவரிடம் செல்லவும் கூசுகிறாள். ஆகவே நலம் பற்றிய அறிவுரையை மருத்துவர் கூறட்டும். தாய் தந்தையர் அன்போடு தனிமையில் கூறட்டும். நடுத்தெருவில் கூறும் பட்டப்பெயர் மருந்தாகாது.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெருத்த உடலும் குறைந்த பேச்சும் உடைய ஒரு மாணவரை உடன் பயின்றோர் ஊமை எருது என்று நகைத்தனர். அவருடைய ஆசிரியர் புனித பெரிய ஆல்பர்ட் மட்டும் அவரது அறிவைக் கண்டுகொண்டார். அம்மாணவரே மறைவல்லுநரும் கத்தோலிக்கப் பள்ளிகளின் பாதுகாவலருமான புனித தாமஸ் அக்குவினாஸ். நகைத்தவர்களின் பெயர்களை இன்று யாரும் அறியார்.

அன்புத் தோழியரே! உமாதேவி அம்மையார் உலகைச் சிரிக்க வைத்தார். அது அவர் மனமுவந்து அளித்த கொடை. பிறரை அழவைத்து நாம் பெறும் சிரிப்பு அத்தகையது அன்று. வகுப்பில் ஒவ்வொருத்தியையும் அவள் பெற்றோர் இட்ட பெயரால் அழைப்போம். பாடத் தெரிந்தவளை மேடையின் நடுவே நிறுத்துவோம். உடலைப் படைத்தவரும் குரலைத் தந்தவரும் ஒரே இறைவன் என்பதை நெஞ்சில் இருத்தி வாழ்வோமாக!