மரத்தடியில் சாப்பிட்டவர்கள்

குழந்தைகளே, சென்னை சேப்பாக்கம் மைதானத்தை நீங்கள் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்திருப்பீர்கள். கூட்டம் ஆரவாரம் செய்ய, நம் வீரர்கள் பெவிலியனிலிருந்து இறங்கி வருவார்கள். ஆட்டக்காரர்கள் உடை மாற்றி, சாப்பிட்டு, ஓய்வெடுக்கும் கட்டடத்துக்குத்தான் பெவிலியன் என்று பெயர். ஒரு காலத்தில் சேப்பாக்கத்தில் அந்தக் கட்டடத்துக்குள் இந்தியர்கள் போக முடியாது. தெரியுமா உங்களுக்கு?

அந்தக் காலத்தில் வாழ்ந்தவர் மோத்தவரப்பு வெங்கட மகிபதி நாயுடு. இவ்வளவு நீளமான பெயரைச் சொல்லி யார் கூப்பிடுவார்கள்? எல்லோருக்கும் அவர் புச்சி பாபு. பிறந்தது 1868-ல். பாரி கம்பெனியில் துபாஷாக இருந்த தாய்வழித் தாத்தா அவரைத் தத்தெடுத்து வளர்த்தார். துபாஷ் என்றால் இரண்டு மொழி அறிந்தவர் என்று பொருள். வெள்ளைக்கார வியாபாரிகளுக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேசி வியாபாரத்தை முடித்துத் தருவார். அதனால் லஸ் பகுதியில் இருந்த அந்த வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. பிள்ளைகளைக் கவனிக்க ஆங்கிலேயப் பெண்மணிகள் கூட இருந்தார்கள். அவர்களோடு சேப்பாக்கத்துக்கு வேடிக்கை பார்க்கப் போன சிறுவனுக்குக் கிரிக்கெட் மீது ஆசை வந்துவிட்டது.

சேப்பாக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். 1846-ல் வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகத் தொடங்கியது. அவர்களோடு மோத எப்போதாவது இந்தியர்கள் அழைக்கப்படுவதுண்டு. மைதானத்தில் இரு அணிகளும் ஒன்றாக ஓடும்; ஒரே பந்தைத் துரத்தும். சாப்பாட்டு நேரம் வந்ததும் வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள் போய்விடுவார்கள். இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உடை மாற்றுவதும் அதே மரத்தடியில்தான். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்களை விளையாட அழைத்த நண்பன், சாப்பிடும்போது மட்டும் உங்களைத் திண்ணைக்கு வெளியே உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்?

புச்சி பாபுவுக்கு அது பொறுக்கவில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை. ஆட்டம் வேண்டாம் என்று வீட்டில் சுகமாக இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. 1888-ல், தமது இருபதாவது வயதில், மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இந்தியர்கள் தலைநிமிர்ந்து ஆட அவர்களுக்கே சொந்தமாக ஒரு கிளப்!

கிளப் தொடங்கினால் போதுமா? மட்டைக்கு எங்கே போவது? எங்கள் திருப்புட்குழியில் இன்றைக்கும் பதினொரு பையன்களுக்கு ஒரே மட்டைதான். அதுவும் இல்லாத நாளில் தென்னை மட்டையைச் செதுக்கிக்கொள்வார்கள். இப்போதே இப்படியென்றால் அந்தக் காலத்தைக் கேட்க வேண்டுமா? நல்ல மட்டையும் காலுறைத் தடுப்புகளும் கையுறைகளும் கப்பலில் சீமையிலிருந்து வர வேண்டும். சாதாரணக் குடும்பத்துப் பையன் அதையெல்லாம் கனவில்தான் பார்க்க முடியும். திறமை இருந்தும் வசதியில்லாத இளைஞர்களுக்குப் புச்சி பாபு தம் கைக்காசில் அவற்றை வாங்கிக் கொடுத்தார். ஆட்டத்தையும் கற்றுக்கொடுத்தார். அவர் நல்ல ஆட்டக்காரர் என்பதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இருபது ஆண்டுகள் ஓடின. இந்தியர் அணி இப்போது நன்றாகத் தேறிவிட்டது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பைச் சேர்ந்த பார்ட்ரிட்ஜ் என்பவரோடு பேசி, ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் நேருக்கு நேர் மோத 1908 டிசம்பரில் ஓர் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார் புச்சி பாபு. மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டவர்கள் சரிசமமாக நின்று ஆடப்போகும் ஆட்டம் அது.

அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆட்டத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, டிசம்பர் 19 அன்று அவர் காலமானார். வயது நாற்பதுதான். ஆட்டம் நிற்கவில்லை. அவருக்குப் பதிலாக பி. சுப்பிரமணியம் தலைமையில் இந்தியர் அணி களம் இறங்கியது. இடையில் சில ஆண்டுகள் விட்டுப்போனாலும், 1915 முதல் ஆண்டுதோறும் இந்தப் பந்தயம் நடந்தது. பொங்கலை ஒட்டி நடந்ததால் சென்னைவாசிகளுக்கு அது பொங்கல் மேட்ச். சுதந்திரத்துக்குப் பிறகு ஐரோப்பியர்கள் ஊர் திரும்பிவிட, 1952-ல் அது முடிந்துபோனது.

தந்தை இறந்தபோது மகன் ராமசாமிக்குப் பன்னிரண்டு வயது, உங்களில் பலருடைய வயது. இவர் 1922-ல் டென்னிஸில் டேவிஸ் கோப்பைக்காக இந்தியாவின் சார்பில் ஆடினார். பிறகு 1936-ல் மான்செஸ்டரில், நாற்பது வயதில், முதல் டெஸ்ட் போட்டியில் இறங்கி 40, 60 என ஓட்டங்கள் எடுத்தார். நாற்பது வயதில் முதல் டெஸ்ட்! இன்று யாராவது தேர்ந்தெடுப்பார்களா?

புச்சி பாபுவின் நினைவாக 1909-10-ல் ஒரு போட்டித் தொடர் தொடங்கப்பட்டது. ரஞ்சிக் கோப்பை வந்தது 1934-ல். பல்கலைக்கழக மாணவர்களுக்கான ரோஹிண்டன் பாரியா கோப்பை 1935-ல். இரண்டுக்கும் மூத்தது இது. முதலில் சென்னை கிளப்புகளுக்குள் மட்டும் நடந்தது. 1960-களின் பிற்பகுதியில் அகில இந்தியப் போட்டியாக வளர்ந்தது. சில ஆண்டுகள் நின்றுபோயிருந்ததைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2023-ல் மீண்டும் தொடங்கியது. ரஞ்சிப் பருவத்துக்கு முன்பு, ஆகஸ்ட் மாதத்தில் மாநில அணிகள் இதில் ஆடுகின்றன. அந்த மாதம் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினால் புச்சி பாபு என்ற பெயர் உங்கள் கண்ணில் படும்.