இரண்டு முறை எரிந்த பட்டறை

1978இல் வந்த லெகோ விண்வெளித் தொகுதிகளைத் தேடுவோர் இன்றும் உலகெங்கும் உள்ளனர். அவற்றில் பகைப்படை இல்லை, போர் இல்லை. பின்னால் வந்தவற்றில் அந்த அமைதி போய்விட்டது என்பது அவர்களில் பலரின் குறை.

அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் அவற்றைக் காணவில்லை. 1891இல் டென்மார்க்கில் பிறந்த தச்சர் அவர். 1916இல் பிலுண்ட் என்ற சிற்றூரில் ஒரு பட்டறையை வாங்கினார். 1924இல் பிள்ளைகள் மரச்சீவலில் மூட்டிய தீயில் பட்டறையும் வீடும் எரிந்தன. திரும்பக் கட்டினார். 1932இல், பொருளாதார மந்தத்தில் தொழில் படுத்திருந்த வேளையில், மனைவி இறந்தார். கையில் நான்கு ஆண்பிள்ளைகள். அந்த ஆண்டுதான் மர விளையாட்டுப் பொருட்கள் செய்யத் தொடங்கினார். 1942இல், நாடு ஜேர்மனியரின் பிடியில் இருந்தபோது, தொழிற்சாலை மறுபடி எரிந்தது. மாதிரி வரைபடங்களும் சாம்பலாயின. மறுபடியும் கட்டினார்.

போர் முடிந்த கையோடு அதே தொழிற்சாலை விளையாட்டுத் துப்பாக்கியும் செய்தது. 1949இல் வந்த பிளாஸ்டிக் கட்டிகளும் பிரித்தானியரான ஹிலரி ஃபிஷர் பேஜ் செய்தவற்றைப் பார்த்துச் செய்தவையே. மகன் கொட்ஃபிரெட் அவற்றைத் திருத்தி, 1958 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மார்ச்சில் தந்தை காலமானார். நவீன போர்க்கருவிகளைப் பொம்மையாக்குவதில்லை என்ற கொள்கை பின்னாளில்தான் வந்தது.

கல்முனைக் கரையில் போரிலும் 2004 சுனாமியிலும் இழந்து, திரும்பக் கட்டியவர்களுக்கு எரிந்த பட்டறையின் கதை புதிதல்ல. துப்பாக்கி செய்த இடத்திலிருந்துதான் போரில்லாத விண்கலமும் வந்தது என்பதே நாம் யோசிக்க வேண்டியது. பெருநாள் கடையில் பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பதும் நம் தெரிவுதான்.