பட்டாணிக் கொடியிலிருந்து இலங்கை வரை: தாதாசாகிப் பால்கே

சலனப்படத்தின் தொடக்க நாள்களில் கப்பலேறி வந்த படச்சுருளின் ஓரங்களில் துளைகள் இரா. கருவியின் பற்சக்கரம் பற்றி இழுப்பதற்கான அத்துளைகளை வாங்கியவரே இட்டுக்கொள்ள வேண்டும். அதையும் இருட்டில் செய்ய வேண்டும். ஒளி பட்டால் சுருள் பாழ். 1912ஆம் ஆண்டு பம்பாயில் தாதர் பகுதியிலிருந்த ஒரு வீட்டில், பகலெல்லாம் அடுப்படியில் நின்ற ஒரு பெண்மணி, இரவில் அறையை அடைத்துக்கொண்டு கைப்பொறியால் அத்துளைகளை இட்டுவந்தார். கணவர் சொல்லித் தந்த தொழில் அது. பெண்மணியின் பெயர் சரஸ்வதிபாய். கணவர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. மராட்டியத்தில் மூத்தவரை அழைக்கும் முறைப்படி தாதாசாகிப் என்று நாடு அவரை அறியும்.

பால்கே 1870 ஏப்ரல் 30இல் நாசிக்கை அடுத்த திரியம்பகேசுவரத்தில் பிறந்தவர். தந்தை வடமொழிப் புலவர். மகனும் சாத்திரம் படித்துச் சடங்கு செய்து வாழ்ந்திருக்கலாம். அவர் நாட்டமோ கைத்தொழிலில் இருந்தது. 1885இல் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி, பின்னர் பரோடா கலாபவன் என்று சென்று ஓவியம், சிற்பம், புகைப்படம் ஆகியவற்றைக் கற்றார். கோத்ராவில் புகைப்பட நிலையம் வைத்தார். 1900இல் பரவிய கொள்ளைநோய் மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோயிற்று. அதன்பின் ஒரு தொழிலில் நிலைத்தாரில்லை. நாடகத்துக்குத் திரை எழுதினார். தொல்லியல் துறையில் வரைபடக்காரராக இருந்தார். லோணாவளாவில் ரவிவர்மா அச்சகத்தின் கல்லச்சுப் படங்களுக்கு வேலை செய்தார். சொந்த அச்சகம் கண்டு, 1909இல் வண்ண அச்சு நுட்பம் அறிய ஜெர்மனிக்கும் போய்வந்தார். இடையே செப்பிடுவித்தை கற்றுத் தம் பெயரைத் திருப்பிப் போட்டுப் பேராசிரியர் கெல்ஃபா என்று மேடையேறியதும் உண்டு. ஓவியம், புகைப்படம், இரசாயனம், நாடகத்திரை, செப்பிடுவித்தை ஆகிய அனைத்தும் ஒருவர் கையில் சேர்ந்ததனால்தான் பின்னால் கூலிக்கு ஆள் வைக்க வசதியின்றியே அவரால் படமெடுக்க முடிந்தது. நிலைகொள்ளாதவர் என்று உறவினர் நொந்துகொண்ட ஆண்டுகள் உண்மையில் பயிற்சி ஆண்டுகள்.

1911இல் பம்பாய் கிர்காமில் ஒரு கூடாரக் கொட்டகையில் ஏசுநாதர் வரலாற்றைச் சொல்லும் படம் ஒன்றைக் கண்டார். அடுத்த நாள் மனைவியையும் அழைத்துச் சென்று காட்டினார். திரையில் ஏசு நடக்கையில் அவர் உள்ளத்தில் இராமனும் கண்ணனும் நடந்தார்கள். கூட்டாளிகளுடன் மனம் வேறுபட்டு அச்சகத்தை விட்டிருந்த நேரம் அது. வேலை இல்லை; வருமானம் இல்லை. நாள்தோறும் படம் பார்ப்பதும், நூல்களைப் படிப்பதும், இரவு முழுதும் சிறு கருவிகளை ஆராய்வதுமாகக் கழித்ததில் கண்பார்வை குன்றிச் சில காலம் இருளிலேயே கிடந்தார். மருத்துவத்தால் பார்வை மீண்டது. ஆயுள் காப்புறுதிப் பத்திரங்களை ஈடுவைத்து 1912 பிப்ரவரியில் லண்டன் சென்றார். அங்கே சிசில் ஹெப்வொர்த்தின் படப்பிடிப்பு நிலையத்தில் தந்திரக் காட்சிகள் உருவாகும் விதத்தைக் கண்டறிந்து, வில்லியம்சன் ஒளிப்பதிவுக் கருவி ஒன்றுக்கும் துளையிடும் பொறிக்கும் படியெடுக்கும் பொறிக்கும் விலைபேசி, ஏப்ரலில் திரும்பினார்.

கருவி வந்துவிட்டது. படமெடுக்கப் பணம் இல்லை. இந்தியாவில் சலனப்படம் எடுக்கலாம் என்பதை நம்பக் கடன் தருவோர் யாரும் ஆயத்தமாக இல்லை. அவர்களை நம்பவைக்கப் பால்கே கையாண்ட வழி வியப்புக்குரியது. தொட்டியில் ஒரு பட்டாணி விதையை ஊன்றினார். அதன் எதிரே கருவியை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் அசைக்காமல் வைத்து, வளர வளரச் சிறுசிறு பகுதியாகப் பதிவு செய்தார். ஓட்டிக் காட்டியபோது ஒரு நிமிடத்துக்குச் சற்று மிகுந்த நேரத்தில் விதை பிளந்து, முளை நிமிர்ந்து, இலை விரிந்து, கொடி படர்ந்தது. நடிகர் இல்லை, காட்சியமைப்பு இல்லை, செலவென்று சொல்ல ஒரு விதையும் கொஞ்சம் படச்சுருளும் மட்டுமே. காலத்தைச் சுருக்கிக் காட்டும் வல்லமை கருவிக்கு உண்டென்று கண்டவர்கள் கடன் தர முன்வந்தார்கள். ஆயினும் அது போதவில்லை. சரஸ்வதிபாயின் நகைகளும் அடகுக்குப் போயின.

அரிச்சந்திரன் கதையை அவர் தேர்ந்தது பொருத்தமே. பெண் வேடத்துக்குப் பெண்கள் வர மறுத்தனர். கிராண்ட் சாலை உணவுவிடுதி ஒன்றில் பத்து ரூபாய்ச் சம்பளத்தில் சமையல் செய்த சாலுங்கே என்ற மெலிந்த இளைஞரைப் பதினைந்து ரூபாய்க்கு அழைத்துவந்து தாராமதியாக்கினார். மகன் பாலச்சந்திரன் ரோகிதனானான். மின்விளக்கு வசதி இல்லாமையால் எல்லாம் வெயிலில் எடுக்க வேண்டியிருந்தது. முகத்தில் நிழல் விழாமல் ஒளியைத் திருப்ப வெள்ளைத் துணியைப் பிடித்தபடி வெயிலில் நின்றவரும் சரஸ்வதிபாய்தான். அறுபது, எழுபது பேருக்குச் சோறாக்கியதும், இரவில் இரசாயனக் கலவை கலக்கிச் சுருளைக் கழுவித் துலக்கியதும் அவரே. பெரும் படப்பிடிப்பு நிலையங்களில் பல துறையினர் கூடிச் செய்யும் வேலை இது. படத்தின் தொடக்கத்தில் பெயர்ப் பட்டியல் போடும் வழக்கம் அன்று ஊன்றியிருந்தால் அவர் பெயரை எத்தனை இடத்தில் எழுத வேண்டியிருந்திருக்கும்!

ஆறு மாதமும் இருபத்தேழு நாளும் உழைத்ததில் 3700 அடிப் படம் உருவாயிற்று. 1913 மே 3ஆம் நாள் பம்பாய் காரனேஷன் அரங்கில் ராஜா அரிச்சந்திரா திரையிடப்பட்டது. தீயிலிருந்து சக்திகள் தோன்றுவதும், முடிவில் இறைவன் காட்சி தருவதும் மக்கள் அதுவரை காணாதவை. இவற்றைச் செய்ய அவரிடம் இருந்தவை இரண்டு கைகளும் கைப்பிடியால் சுற்றும் ஒரு கருவியுமே. கருவியை நிறுத்தி, மற்றவர் சிலையென நிற்க, ஓர் உருவத்தை இடையில் கொணர்ந்து நிறுத்தி மீண்டும் சுற்றினால் அவ்வுருவம் வெட்டவெளியில் தோன்றியதாகப் படும். இரட்டைப் பதிவு இதனினும் கடினம். முதலில் ஒரு காட்சியைப் பதிந்து, கைப்பிடி சுற்றிய சுற்றுகளைப் பிசகாமல் எண்ணிக்கொண்டு, கண்ணாடிக்கு மூடியிட்டுச் சுருளை அதே எண்ணிக்கைக்குப் பின்னோக்கிச் சுற்றி, அதன்மேல் கருந்திரை முன் நிற்கும் உருவத்தைப் பதிய வேண்டும். கருமை படத்தில் பதியாது. உருவம் மட்டும் காற்றில் மிதக்கும். எண்ணிக்கை தவறினால் தேவர் தோன்ற வேண்டிய நேரத்தில் தோன்றமாட்டார். தவறியது தெரிவதோ சுருளைக் கழுவிய பிறகுதான். அடகுவைத்த பணத்தில் வாங்கிய சுருளில் இப்படி எண்ணி எண்ணிச் சுற்றிய மனிதரின் நெஞ்சத் துடிப்பை, யாப்புக்காக அசை எண்ணிப் பழகியவர்கள் உணரக்கூடும்.

அதே ஆண்டில் மோகினி பஸ்மாசுரன் வந்தது. அதில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்தனர். பெண்வேடத்துக்கு ஆணைத் தேடும் நிலை மாறத் தொடங்கிற்று. 1914இல் மீண்டும் லண்டன் சென்று தம் படங்களைக் காட்டினார். அங்கேயே தங்கிப் படமெடுக்க வந்த அழைப்பை ஏற்கவில்லை. நாடு திரும்பியபோது உலகப் போர் மூண்டுவிட்டது. கடன் தந்தவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். அக்காலத்தில் தீக்குச்சிகள் தாமே நகர்ந்து உருவங்களாக அமையும் சிறு படம் ஒன்றை 1915இல் எடுத்தார். ஒரு குச்சியைச் சற்றே நகர்த்துவது, ஒரு சட்டம் பதிவது, மறுபடி நகர்த்துவது. பெரும் படத்துக்குப் பணம் இல்லாத நாளில் தீப்பெட்டியே அவருக்கு நடிகர் கூட்டம் ஆயிற்று.

1917இல் வெளிவந்த லங்கா தகனம் அவருடைய பெருவெற்றி. அதில் இராமனும் சீதையும் ஒருவரே, பழைய சாலுங்கே. அனுமன் வானில் பறந்தான். கட்டியெழுப்பிய இலங்கை உண்மையாகவே தீயில் எரிந்தது. எரிந்துவிட்ட காட்சியமைப்பை மறுபடி எழுப்பப் பொருள் இராது. ஆதலால் ஒரே முறையில் முடிந்தாக வேண்டும். கம்பன் பாட்டில் இலங்கை எரியூட்டு படலத்தைக் கேட்டுத் தழைத்த தமிழ் மக்கள் முன்னும் அத்தீ எரிந்தது. சென்னையில் இப்படம் ஓடியபோது வசூலான காசை மாட்டுவண்டியில் ஏற்றிக் காவலர் துணையுடன் கொண்டுபோக நேர்ந்ததென்பர். தென்னகத்தின் முதற் கதைப்படமான கீசகவதத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியாருக்கு ஊக்கம் தந்தவையும் பால்கேயின் படங்களே.

1918இல் பம்பாய் வணிகர் சிலருடன் சேர்ந்து நாசிக்கில் இந்துஸ்தான் திரைப்பட நிறுவனம் அமைத்தார். ஸ்ரீகிருஷ்ண ஜன்மத்தில் அச்சத்தால் வெதும்பும் கம்சனின் தலை உடலை விட்டு எழுந்து மிதந்து மீண்டும் வந்து பொருந்துகிறது. வெறும் வேடிக்கைக்காகச் செய்த வித்தையன்று இது. ஒருவன் மனத்துக்குள் நிகழ்வதைச் சொல்ல மௌனப்படத்துக்கு வேறு மொழி ஏது? 1919இல் காளிய மர்த்தனத்தில் மகள் மந்தாகினி கண்ணனானாள். படம் தொடங்குகையில் அச்சிறுமியின் முகம் பல மெய்ப்பாடுகளைக் காட்டி, மெல்லக் கரைந்து கண்ணன் முகமாகிறது. நடிக்கும் குழந்தையையும் நடிக்கப்படும் தெய்வத்தையும் முதலிலேயே அருகருகே வைத்துக் காட்டிய நேர்மை அவருடையது.

கணக்குப் பார்க்கும் கூட்டாளிகளும் செலவுக்கு அஞ்சாத கலைஞரும் ஒத்துப்போகவில்லை. அவ்வாண்டே விலகிக் காசிக்குச் சென்றார், அங்கே நாடகம் எழுதினார், 1922இல் திரும்பினார். பிறகும் பல படங்கள் எடுத்தாலும் பழைய எழுச்சி இல்லை. சேதுபந்தனம் மௌனப்படமாக முடிந்தபோது நாட்டில் படங்கள் பேசத் தொடங்கிவிட்டன. பின்னால் அதற்கு ஒலி சேர்த்தும் பார்த்தார். 1937இல் கோலாப்பூரில் எடுத்த கங்காவதரணம் ஒன்றே அவருடைய பேசும்படம். அறுபத்தேழாம் வயதில், ஒலியின் ஆட்சியில், அவருடைய கைகளுக்கு வேலை குறைவு. நாசிக்கிலே 1944 பிப்ரவரி 16இல் மறைந்தார். அவர் பெயரில் நடுவண் அரசின் விருது 1969இல்தான் ஏற்பட்டது.

எடுத்த படங்களில் பெரும்பாலானவை அழிந்தன. அக்காலச் சுருள் எளிதில் தீப்பற்றுவது. காளிய மர்த்தனம் பெரும்பகுதி மிஞ்சியிருக்கிறது. ராஜா அரிச்சந்திரா என்று காட்டப்படும் சுருள் 1913இல் எடுத்ததன்று, 1917இல் அவரே மறுபடி எடுத்ததென்று ஆராய்ந்தோர் சிலர் கருதுகின்றனர். படங்கள் எவ்வாறு உருவாகின்றன என்று மக்களுக்கு விளக்க அவர் எடுத்த சிறு படமொன்றின் துணுக்கும் தப்பியிருக்கிறது. அதில் பால்கே தாமே தோன்றி, நடிகருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். உட்கார்ந்து படச்சுருளை ஆராய்கிறார்.