முகத்தில் அம்பு பாய்ந்த இளவரசர்

குட்டீஸ், ஷேக்ஸ்பியர் 1599-ம் ஆண்டுவாக்கில் எழுதிய 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதன் கதாநாயகன் கற்பனை ஆள் அல்ல. இங்கிலாந்தை நிஜமாகவே ஆண்ட மன்னர்!

வேல்ஸில் உள்ள மான்மத் கோட்டையில் பிறந்தவர் ஹென்றி. 1399-ல் அவருடைய அப்பா, மன்னர் ரிச்சர்டைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டுத் தானே முடிசூடிக்கொண்டார். சும்மா இருப்பார்களா எதிரிகள்? கலகம் வெடித்தது. 1403 ஜூலை 21-ல் ஷ்ரூஸ்பரி என்ற இடத்தில் பெரும் போர். இளவரசருக்கு அப்போது வயது 16.

பறந்து வந்த ஓர் அம்பு அவர் மூக்கின் பக்கத்தில் பாய்ந்தது. அம்பின் தண்டைப் பிடுங்கிவிட்டார்கள். இரும்பு முனை மட்டும் ஆறு அங்குல ஆழத்தில், மண்டை எலும்பில் சிக்கிக்கொண்டது. இன்றைய மயக்க ஊசியெல்லாம் அப்போது ஏது? ஜான் பிராட்மோர் என்ற வைத்தியர் அவசரப்படவில்லை. தேனில் நனைத்த குச்சிகளை விட்டு, காயத்தின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினார். நடுவில் திருகாணி வைத்த சின்ன இடுக்கி ஒன்றைத் தானே வடிவமைத்தார். அதை உள்ளே விட்டுத் திருகி, மெல்ல அசைத்து அசைத்து முனையை வெளியே எடுத்துவிட்டார்! பிறகு ஒயினால் காயத்தைக் கழுவினார். சுமார் 20 நாளில் காயம் ஆறியது. வைத்தியரே இதை எழுதி வைத்திருக்கிறார். பாவம், நாடகத்தில் அவருக்கு இடமே இல்லை!

1413-ல் மன்னரான ஹென்றி, பிரான்சின் மகுடமும் தனக்கே என்று படையெடுத்தார். 1415 அக்டோபர் 25, அஜின்கோர்ட். முதல் நாள் இரவு கொட்டிய மழையில் உழுத வயல் சேறாகிக் கிடந்தது. கனமான இரும்புக் கவசம் அணிந்த பிரெஞ்சு வீரர்கள் சேற்றில் தடுமாற, ஆங்கிலேய வில்லாளிகள் அம்பு மழை பொழிந்தனர். சின்னப் படை பெரும்படையை வென்றது. ஆனால், பிடிபட்ட கைதிகளைக் கொல்லும்படி ஹென்றி போட்ட கட்டளை, இன்றுவரை அவர் பெயரில் ஒட்டியிருக்கும் கறை.

1420-ல் உடன்படிக்கை. பிரெஞ்சு மன்னரின் மகள் கேதரினை மணந்தார். மாமனாருக்குப் பின் மகுடம் மருமகனுக்கு என்று முடிவானது.

அம்புக்குத் தப்பிய ஹென்றி நோய்க்குத் தப்பவில்லை. போர் முகாமில் பரவிய வயிற்றுக்கடுப்பு வாட்ட, 1422 ஆகஸ்ட் 31-ல் இறந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மாமனாரும் இறந்தார். இரண்டு நாட்டு மகுடமும், இன்னும் ஒரு வயதுகூட நிரம்பாத ஹென்றியின் குழந்தைக்குப் போனது.