தச்சர் செய்த கடிகாரம்

கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தின் வினாடி முள்ளை நம்மில் எத்தனை பேர் உற்று நோக்கியிருக்கிறோம்? பாட்டரியில் ஓடும் கடிகாரங்கள் பெரும்பாலானவற்றில் அது வினாடிக்கு ஒருமுறை துள்ளித் துள்ளிச் செல்லும். சாவி கொடுத்து ஓட்டும் கடிகாரத்திலோ, வாய்க்கால் நீரில் மிதந்து செல்லும் இலையைப் போல வழுக்கிக்கொண்டே போகும். என் தந்தையிடம் அத்தகைய பழைய கடிகாரம் ஒன்று உண்டு. காலையில் உளியையும் இழைப்புளியையும் கையில் எடுக்குமுன் அதற்குச் சாவி கொடுப்பது அவர் வழக்கம். அந்த முள் மட்டும் ஏன் துள்ளவில்லை என்று சிறுவயதில் அவரைக் கேட்டேன். காரணம் தமக்குத் தெரியாது என்றும், காதில் வைத்துக் கேட்டுப் பார்க்கும்படியும் சொன்னார்.

அன்று கேட்ட ஒலியின் பொருள், இயற்பியல் மாணவனாக இக்கல்லூரிக்கு வந்த பிறகே எனக்கு விளங்கிற்று. உண்மையில் அந்த முள்ளும் துள்ளித்தான் செல்கிறது! கடிகாரத்தினுள் சுருட்டி வைக்கப்பட்ட வில், பல் சக்கரங்களை ஓயாமல் தள்ளுகிறது. அந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் போடுவது பாலன்ஸ் சக்கரம். மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்றின் துணையால் அது இப்படியும் அப்படியும் ஊசலாடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சக்கரத்தொடர் சிறிதளவே நகர அனுமதி கிடைக்கிறது. அப்போது எழுவதே டிக் என்னும் ஒலி. பழைய கைக்கடிகாரங்கள் பலவற்றில் இவ்வாட்டம் மணிக்கு 18,000 முறை, அதாவது வினாடிக்கு 5 முறை நிகழும். எனவே முள் ஒரு நிமிடத்தில் 300 சிற்றடிகள் வைக்கிறது. மணிக்கு 28,800 முறை ஆடும் கடிகாரங்களில் வினாடிக்கு 8 அடிகள். அடி சிறுக்கச் சிறுக்க, நம் கண் அதைத் தொடர்ந்த ஓட்டமாகவே காண்கிறது. பாட்டரிக் கடிகாரத்தின் குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்ந்தாலும், மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த முள் ஒருமுறை மட்டுமே நகர்த்தப்படுகிறது.

இந்த விரைந்த ஆட்டத்தைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் ஜான் ஹாரிசன் என்னும் பெரியாரின் வரலாறு எனக்குக் கிட்டியது. நண்பர்களே, அவர் ஒரு தச்சர், தச்சரின் மகன்.

இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த ஃபௌல்பி என்னும் சிற்றூரில் 1693-ஆம் ஆண்டு ஹாரிசன் பிறந்தார். முறையான கல்வி பெறும் வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை. ஆயினும் இருபதாம் வயதில், 1713-இல், மரச்சக்கரங்களைக் கொண்டே ஒரு கடிகாரம் செய்து முடித்தார். மரத்தின் இயல்பை அறிந்த கை அல்லவா? பின்னர் ஒரு பிரபுவின் மாளிகைக்குச் செய்த கடிகாரத்தில், தன்னிடமே பிசுக்குள்ள ஒருவகைக் கடின மரத்தைப் பயன்படுத்தி, எண்ணெயே தேவைப்படாத வகையில் ஓடச் செய்தார்.

அக்காலத்தில் நடுக்கடலில் செல்லும் கப்பல், தான் கிழக்கு மேற்காக எங்கிருக்கிறது என்பதைச் சரியாக அறிய வழியில்லை. 1707-இல் சில்லித் தீவுகளருகே ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் நான்கு பாறையில் மோதி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீர்க்கரேகையை அரை பாகைக்குள் கணிக்கும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுன் பரிசு என்று 1714-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடங்கள் ஆகும். எனவே புறப்பட்ட ஊரின் நேரத்தைக் கப்பலில் தவறாமல் காட்டும் கடிகாரம் இருந்தால் போதும். ஆறு வாரப் பயணத்தில் அது நாளொன்றுக்கு 3 வினாடிக்கு மேல் பிசகக் கூடாது. அலையிலும் வெப்பத்திலும் குளிரிலும் அப்படி ஒரு கடிகாரம் இயங்க முடியும் என்று அறிஞர் பலர் நம்பவில்லை. விண்மீன்களையும் நிலவையும் நம்பினர்.

ஹாரிசன் தம் கையை நம்பினார். 1735-இல் முதல் கடற்கடிகாரத்தை முடித்தார். மறு ஆண்டு அது லிஸ்பன் வரை பயணம் செய்து நற்பெயர் பெற்றது. அவருக்கோ நிறைவில்லை. இரண்டாவது ஒன்றைச் செய்தார். அதிலும் குறை கண்டு, மூன்றாவதைத் தொடங்கினார். அதற்கு மட்டும் ஏறத்தாழ 19 ஆண்டுகள் செலவிட்டார். மூன்றுமே எடை மிகுந்த, மெதுவாக ஆடும் பெரும் பொறிகள்.

இறுதியில் அவர் கண்ட உண்மைதான் என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. பெரிதாய், மெதுவாய் ஆடுவது கப்பலின் குலுக்கலுக்கு எளிதில் இரையாகும். சிறிதாய், விரைவாய் ஆடுவது தாக்குப்பிடிக்கும்! இதை உணர்ந்ததும் அத்தனை ஆண்டு உழைப்பையும் ஒதுக்கி வைக்க அவர் தயங்கவில்லை. 1759-இல் உருவான அவரது நான்காம் கடிகாரம் 13 சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒரு பெரிய பைக்கடிகாரம். அதன் பாலன்ஸ் சக்கரம் வினாடிக்கு 5 முறை ஆடியது. என் தந்தையின் கடிகாரத்துக்கும் அதே கணக்குத்தான். உந்துவிசை ஒரே சீராக இருக்க, ஏழரை வினாடிக்கொருமுறை தானே முறுக்கேறும் சிறு வில்லையும் அதில் அமைத்திருந்தார்.

1761-இல் அவர் மகன் வில்லியம் அதனுடன் ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். 81 நாள்களில் ஏற்பட்ட பிழை 5 வினாடிதான்! ஆனால் பரிசுக் குழுவினர் அது தற்செயல் என்று கருதினர். 1764-இல் பார்படோஸ் தீவுக்கு நடந்த இரண்டாம் சோதனையிலும் கடிகாரம் வென்றது. பாதிப் பரிசு தரவும், கடிகாரத்தை அவர்கள்முன் பிரித்துக் காட்டும்படி நிபந்தனை விதித்தனர். நிலவுமுறையை ஆதரித்த வானியலார் மாஸ்கலின் அக்குழுவில் ஒருவர். முதியவர் மனம் நொந்தார். எனினும் கைகள் ஓயவில்லை; ஐந்தாவது ஒன்றைச் செய்தார். 1772-இல் அரசர் மூன்றாம் ஜார்ஜ் அதைத் தாமே சோதித்து, ஹாரிசனுக்காகப் பரிந்து நின்றார். 1773-இல் பாராளுமன்றம் 8,750 பவுன் வழங்கியது. அப்போது அவருக்கு வயது 80. மூன்றாண்டுகளில், 1776 மார்ச் 24 அன்று காலமானார். அவரது கடிகாரத்தைப் பார்த்துச் செய்த படியுடன் கேப்டன் குக் தம் இரண்டாம் உலகப் பயணத்தை முடித்துத் திரும்பியிருந்தார்.

இந்த வரலாறு எனக்கு ஒரு வெட்கத்தை உணர்த்தியது. கல்லூரியில் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் தச்சு வேலை என்று எழுதக் கூசி, சுயதொழில் என்று எழுதினேன். இவ்வாண்டு கல்வி உதவித்தொகைக்கான படிவம் வந்தது. வினாடி முள் எடுத்து வைக்கும் சிற்றடிகளே ஓட்டமாகத் தோன்றுவது போல, கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் உளிவெட்டுகளால்தான் ஒரு வாழ்வு சீராக ஓடுகிறது என்பதை நான் அறிந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தில் தச்சர் என்றே எழுதினேன்.